ஆகாயத்தில் ஒரு தூக்கம்

பஸ் டிரைவர் கண் அசந்தார், லாரி டிரைவர் கண் அசந்தார் என்று தினசரியில் படிக்கும்போது "ஐயோ பாவமே" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆகாய விமானம் ஓட்டுகிறவர் தூங்கினார் என்றால்? நம்மில் பலர் நம்பக்கூட மாட்டோம். வெள்ளைச் சட்டையும் தோளில் தங்கப் பட்டையுமாக நடந்து வருகிற அவருக்குத் தூக்கம், பசி, கோபம் எதுவும் கிடையாது என்பது நம் எண்ணம்.

நம் தஞ்சாவூர்ச் சீமைப் பெண்களுக்கு இது யாரோ பணக்காரர் விஷயமும் இல்லை. பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், மன்னார்குடி என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், தெருவுக்கு நாலு பேராவது துபாயிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். காவிரித் தண்ணீர் வருமா வராதா என்று மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருந்து அலுத்துப்போய், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு விமானம் ஏறினவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வருவதும் போவதும் பெரும்பாலும் திருச்சி விமான நிலையம் வழியாக. அதுவும் பல விமானங்கள் ஊரெல்லாம் தூங்குகிற நேரத்தில்தான். பிள்ளையை ஏற்றிவிட்டு வீடு திரும்பி, "இறங்கிட்டேம்மா" என்று போன் வருகிற வரையில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பயமுறுத்துவதற்காக அல்ல. தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்வோமே என்றுதான். விசாரணை அறிக்கைகள் இங்கிலீஷில் இருக்கின்றன. காலேஜில் படிக்கும் என் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேண்டிய இடங்களைப் படித்துப் பொருள் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

மங்களூரில் நடந்தது

2010-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி, சனிக்கிழமை விடியற்காலை. துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் 160 பயணிகள், 6 சிப்பந்திகள். காலை 6 மணி சுமாருக்குத் தரையைத் தொட்ட விமானம் நிற்காமல் ஓடி, ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்தது. 158 பேர் போய்விட்டார்கள். தப்பியவர்கள் 8 பேர்தான். வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊருக்கு வந்துகொண்டிருந்தவர்களும், அவர்களுடைய மனைவி மக்களும்தான் அதில் மிகுதி.

மங்களூர் ஓடுபாதை குன்றின் தலையைச் சீவி அமைத்தது. மேஜையின் மேல் ஓடுகிற மாதிரி. விளிம்பைத் தாண்டினால் பள்ளம். அங்கே இறங்குவதற்குத் தனி நிதானம் வேண்டும்.

ஓய்வு பெற்ற ஏர் மார்ஷல் பி.என். கோகலே தலைமையில் விசாரணை நடந்தது. விமானிகள் இருக்கும் அறையில் பேசுவதையெல்லாம் பதிவு செய்யும் கருவி ஒன்று உண்டு. அதில் கடைசி 2 மணி நேரம் பதிவாகியிருந்தது. அந்த 2 மணியில் முதல் 1 மணி 40 நிமிஷத்துக்குக் காப்டன் ஸ்லாட்கோ குளூசிகாவின் பேச்சே இல்லை. இடையிடையே குறட்டை ஒலியும் ஆழ்ந்த மூச்சும்தான் கேட்டன. விமானம் இறங்க வேண்டிய வேளை நெருங்கியபோதுதான் அவர் விழித்திருக்கிறார்.

அன்று மங்களூரில் ரேடார் பழுது. அதனால் விமானம் வழக்கத்தைவிட ஊருக்குப் பக்கத்தில் வந்த பிறகே கீழே இறங்க ஆரம்பித்தது. ஓடுபாதைக்கு அருகே வந்தபோது இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக அதிக உயரம், அதிக வேகம். இந்த மாதிரி சமயத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இறங்காமல் மேலே ஏறி, ஒரு வட்டம் அடித்துத் திரும்ப வருவது. துணை விமானி ஹர்பிந்தர் சிங் அலுவாலியா "மேலே ஏறுங்கள்" என்கிற அர்த்தத்தில் மூன்று முறை சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் கத்திக்கொண்டே இருந்தது. காப்டன் கேட்கவில்லை. சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடியைத் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. மீதி இருந்த இடம் போதவில்லை.

எழுந்தவுடன் புத்தி எழுவதில்லை

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காப்டனுக்கு விதிப்படி ஓய்வு கிடைத்துத்தான் இருந்தது. காகிதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் முதல் நாள் இரவு மங்களூரிலிருந்து துபாய் போய், அதே ராத்திரி திரும்பி வருகிற டியூட்டி. ராத்திரி முழுக்கக் கண் விழிப்பு.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்கிறார்கள் டாக்டர்கள். ராத்திரி 2 மணியிலிருந்து விடியற்காலை 6 மணி வரை அந்தக் கடிகாரம் "படு, படு" என்று உத்தரவு போடும் நேரம். பகலில் எவ்வளவு தூங்கியிருந்தாலும் அந்த நேரத்தில் உடம்பின் சூடு குறையும், கை கால் தளரும், யோசனை மந்தமாகும். சாலை விபத்துகள் விடியற்காலையில் அதிகம் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, தூக்கத்திலிருந்து விழித்தவுடன் வரும் கலக்கம். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தால் 15 நிமிஷம், அரைமணி, சில சமயம் அதற்கு மேலும் மூளை சரியாக வேலை செய்யாது. கண் திறந்திருக்கும், கை வேலை செய்யும், வாய் பதில் சொல்லும். ஆனால் சரி எது, தப்பு எது என்று தீர்மானிக்கிற சக்தி பின்னால்தான் வந்து சேரும். மங்களூர்க் காப்டன் எடுத்த தவறான முடிவுக்கு இந்தக் கலக்கமும் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது.

கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களுக்கு இதைப் புத்தகம் பார்த்து விளக்க வேண்டியதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை வீரிட்டு அழும்போது எழுந்து, விளக்கைப் போட்டு, பால் கலக்கி, எத்தனை ஸ்பூன் போட்டோம் என்பது நினைவில்லாமல் திகைத்து நிற்கிறோமே, அதேதான். நம் கையில் பால் புட்டி. அவர் கையில் 166 உயிர்.

1997-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதை அளந்தே பார்த்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானம் மாதிரி ஆகிவிடுகிறதாம். நம் நாட்டில் 0.03 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே வண்டி ஓட்டக் கூடாது. காலை 5 மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கிற நமக்கு 17 மணி நேரம் என்பது ராத்திரி 10 மணி! அதற்கு மேலும் பாத்திரம் துலக்கி, மறுநாளுக்கு மாவு அரைத்து வைத்துவிட்டுப் படுக்கிறவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லவா வேண்டும்?

"வேண்டாம் சார்"

இந்தக் கதையில் என்னை மிகவும் பாதித்தவர் அந்தத் துணை விமானிதான். அவருக்குத் தெரிந்தது. வாய்விட்டுச் சொன்னார். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். ஆனால் பெரியவர் கையிலிருந்து கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டு தாமே மேலே ஏற்றவில்லை. ஏற்றியிருக்கலாம். பெரியவரை மீறத் தயங்கினாரோ என்னவோ, கேட்பதற்கு இன்று அவர் இல்லை.

பத்து வருஷம் கழித்து, 2020 ஆகஸ்ட் 7-ந் தேதி, கோழிக்கோட்டிலும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. அதுவும் குன்றின் மேல் ஓடுபாதை, அதுவும் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். கொரோனா காலத்தில் நம்மவர்களை அழைத்து வந்த விமானம். நல்ல மழை. இரண்டு விமானிகளையும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள். காப்டன் விமானப் படையில் பேர் பெற்றவர். அங்கேயும் "மேலே ஏறுங்கள்" என்று துணை விமானி சொன்னார், அங்கேயும் பலிக்கவில்லை. மறுநாள் அந்தக் காப்டனுக்கு வேறு டியூட்டி காத்திருந்தது, கோழிக்கோட்டில் போதுமான காப்டன்கள் இல்லை, அந்த நெருக்கடியும் அவர் மனசில் இருந்திருக்கும் என்று அறிக்கை சொல்கிறது.

நம் பத்திரிகை வாசகிகள் குறித்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் அதில் உண்டு. அனுமதிக்கப்பட்டதற்கு மேல் அவர் தாமாகவே வேறு சர்க்கரை மாத்திரைகளும் சாப்பிட்டு வந்தாராம். அதனால் ரத்தத்தில் சர்க்கரை சற்றே குறைந்து, தீர்மானிக்கும் சக்தி மழுங்கியிருக்கலாம் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மாத்திரையை மாற்றுவதும், கூட்டுவதும் நம் வீடுகளில் சர்வசாதாரணம். ஸ்கூட்டர் ஓட்டுகிற வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும்.

பெரியவர் தப்புச் செய்தால் சின்னவர் சொல்லலாமா? நம் ஊரில் இது பெரிய கேள்வி. கல்யாண வீட்டில் சாம்பாரில் உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தும், மாமியாரிடம் யார் போய்ச் சொல்வது என்று மருமகள்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கவில்லையா? அங்கே போனது சாம்பார். விமானத்தில் அந்த மரியாதைக்கு இடமில்லை. இப்போது விமானிகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதோடு, "தப்பு என்று பட்டால் உரக்கச் சொல், கேட்காவிட்டால் நீ வாங்கிக்கொள்" என்பதற்கும் தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

அறைக்குள் அரட்டையும் அடிதடியும்

தூக்கம் என்பது உடம்பின் குறை. பாவம் என்று சொல்லலாம். ஆனால் தெரிந்தே செய்கிற காரியங்களும் இருக்கின்றன.

2018 ஜனவரி 1-ந் தேதி, புது வருஷப் பிறப்பன்று, லண்டனிலிருந்து பம்பாய்க்கு 324 பயணிகளோடு வந்துகொண்டிருந்தது ஜெட் ஏர்வேஸ் விமானம். நடு வானத்தில் ஆண் விமானிக்கும் பெண் விமானிக்கும் சண்டை. அவர் அறைந்துவிட்டார், அந்தப் பெண் அழுதுகொண்டே வெளியே வந்தார் என்று பத்திரிகைகளில் வந்தது. சமாதானம் செய்ய அவரும் அறையை விட்டு வெளியே வந்தாராம். நல்லவேளை, விமானம் பத்திரமாக இறங்கியது. இரண்டு பேரையும் கம்பெனி வேலையை விட்டு நீக்கியது, டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 5 வருஷத்துக்கு லைசென்ஸை நிறுத்தி வைத்தது.

2023 பிப்ரவரியில் துபாய்–டில்லி ஏர் இந்தியா விமானத்தில் காப்டன் தம் சிநேகிதியை விமானி அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். விமானத்தில் வேலை செய்த ஒரு சிப்பந்திதான் இதைப் புகார் செய்தார். காப்டனுக்கு 3 மாதம் லைசென்ஸ் ரத்து, கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம். துணை விமானிக்கும் எச்சரிக்கை. ஏன்? தடுக்காமல் சும்மா இருந்ததற்காக. சும்மா இருந்ததும் குற்றம்தான் என்று சொன்னார்களே, அது எனக்குப் பிடித்தது.

10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானிகள் வேலையைத் தவிர வேறு பேச்சே பேசக் கூடாது என்று அமெரிக்காவில் 1981-லேயே சட்டம் போட்டார்கள். அரட்டையால் நடந்த விபத்துகளைப் பார்த்த பிறகு வந்த சட்டம். மற்ற நாடுகளும் அதைப் பின்பற்றுகின்றன. நம் நாட்டில் விமானம் ஓட்டுவதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே மது தொடக் கூடாது. புறப்படும் முன் ஊதிக் காட்ட வேண்டும். முதல் தரம் பிடிபட்டால் 3 மாதம், இரண்டாம் தரம் 3 வருஷம், மூன்றாம் தரம் லைசென்ஸே போய்விடும்.

நம் திருச்சியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2018 அக்டோபர் 12-ந் தேதி நள்ளிரவு தாண்டி, 136 பேரோடு துபாய்க்குக் கிளம்பிய விமானம், விமான நிலையத்தின் மதில் சுவரில் வயிற்றை இடித்துக்கொண்டு பறந்தது. அதற்குத் தூக்கமோ குடியோ காரணம் இல்லை. ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது காப்டனின் இருக்கை சாய்ந்துவிட, அவர் கை பட்டு என்ஜின் விசை குறைந்துவிட்டது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. இடித்ததும் உடனே உறைக்கவில்லை. விவரம் தெரிந்தபின் விமானத்தைப் பம்பாய்க்குத் திருப்பி, விடியற்காலை பத்திரமாக இறக்கினார்கள். ஒரு விநாடி கவனம் பிசகுவதற்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

இரட்டைக் குழந்தைகளின் அப்பா

இந்தோனேஷியாவில் 2024 ஜனவரி 25-ந் தேதி நடந்தது இது. பாடிக் ஏர் கம்பெனியின் விமானம் 153 பயணிகளோடு கெண்டாரி என்ற ஊரிலிருந்து ஜகார்த்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. காப்டன், "கொஞ்சம் கண் அசந்துகொள்கிறேன், பார்த்துக்கொள்" என்று துணை விமானியிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கினார். சற்று நேரத்தில் துணை விமானியும் தம்மை அறியாமல் தூங்கிவிட்டார். 28 நிமிஷம் விமானத்தில் விழித்திருந்த விமானி யாரும் இல்லை! தரையிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் பதில் இல்லை. காப்டன் விழித்துப் பார்த்தபோது விமானம் வழி மாறியிருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

துணை விமானி ஏன் தூங்கினார் தெரியுமா? அவர் வீட்டில் ஒரு மாதத்து இரட்டைக் குழந்தைகள். ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து மனைவிக்கு ஒத்தாசை செய்திருக்கிறார். போதாததற்கு அப்போதுதான் வீடு மாறியிருந்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. மனைவியைத் தனியே தவிக்க விடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்ட நல்ல மனுஷன். ஆனால் மறுநாள் 153 பேரைத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டியவர். "எனக்கு இன்று தூக்கம் போதவில்லை, என்னால் முடியாது" என்று அவர் சொல்லக்கூடிய மாதிரி வேலை இருக்க வேண்டாமா? சொன்னால் சம்பளம் போகும், பேர் கெடும் என்றால் யார் சொல்வார்கள்?

சட்டமும் அதன் விலையும்

2023 ஆகஸ்டில் நாகபுரி விமான நிலையத்தில், விமானம் ஓட்டத் தயாராக வந்த இண்டிகோ விமானி ஒருவர் வாசலிலேயே சுருண்டு விழுந்து இறந்தார். விமானிகளின் வேலை நேரம் பற்றிய பேச்சு நாடெங்கும் பலத்தது. 2024 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ. புது விதிகள் போட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆயிற்று. ராத்திரி என்பது விடியற்காலை 5 மணியோடு முடியாமல் 6 மணி வரை என்று ஆயிற்று. இரவு டியூட்டியில் 6 தடவை இறங்கலாம் என்றிருந்தது 2 தடவை என்று குறைந்தது. கம்பெனிகள் அவகாசம் கேட்டன; விமானிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு தவணையில் அமலுக்கு வந்தது.

அதற்கடுத்து வந்த டிசம்பர் மாதம் நினைவிருக்கிறதா? புது விதிக்குத் தகுந்த மாதிரி ஆள் ஏற்பாடு செய்யாததால் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5-ந் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல். கல்யாணத்துக்குப் போக வேண்டியவர்கள், பரீட்சைக்குப் போக வேண்டியவர்கள், குழந்தை குட்டியோடு தரையில் படுத்துக் கிடந்ததை டி.வி.யில் பார்த்தோம். சில இரவு விதிகளை அந்தக் கம்பெனிக்கு மட்டும் 2026 பிப்ரவரி 10 வரை தளர்த்தினார்கள். "என்ன சட்டமோ, மனுஷனைப் படுத்துகிறது" என்று அப்போது பலரும் அலுத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டம் எந்தச் சாம்பலிலிருந்து வந்தது என்பதை மங்களூர்க் குடும்பங்களைத்தான் கேட்க வேண்டும்.

நம் கையில் இருப்பது

விமானத்தை நாம் ஓட்டப்போவதில்லை. ஆனால் தூக்கம் கெட்ட டிரைவர்கள் நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள். சம்பா அறுவடையில் ராப்பகலாக அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர், கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைக்குக் காவல் இருந்துவிட்டுக் காலையில் டிராக்டர் ஏறுகிறவர், ரைஸ் மில்லில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், ஆஸ்பத்திரி நர்ஸ் எல்லாரும் இதில் சேர்த்தி. ஆகவே சில யோசனைகள்:

விமான நிலையத்துக்கு ராத்திரி வேன் வைத்தால், வாடகை பேசும்போதே "பகலில் தூங்கினீர்களா?" என்று டிரைவரைக் கேளுங்கள். சங்கடமே வேண்டாம். பேரம் பேச வெட்கப்படாதவர்கள் இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்? விமானம் வரும் வரையில் அவரை வண்டியிலேயே தூங்க விடுங்கள்; ஆனால் எழுப்பின கையோடு கிளம்பச் சொல்லாதீர்கள். முகம் கழுவி, காபி குடித்து, கால்மணி அரைமணி போகட்டும். காபி வேலை செய்யவும் அவ்வளவு நேரம் வேண்டும்.

நடுவில் கொட்டாவி வந்தால் ஓரமாக நிறுத்தி 20 நிமிஷம் கண்ணை மூடச் சொல்லுங்கள். அமெரிக்காவின் நாசா நிறுவனம் விமானிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், சராசரி 26 நிமிஷத் தூக்கத்திலேயே கவனம் நன்றாகத் தெளிந்ததாம். பாட்டுப் போடுவதும் ஜன்னலைத் திறப்பதும் தூக்கத்துக்கு ஈடாகாது.

வீட்டில் இரவு வேலைக்காரர் இருந்தால், அவருடைய பகல் தூக்கம் சோம்பேறித்தனம் இல்லை என்பதைப் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள். அறையை இருட்டாக்கி, போனை அணைத்து, மிக்ஸியைத் தள்ளி வையுங்கள். படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்குள் காபி, டீ வேண்டாம்.

இளம் தாய்மார்களே, உங்களுக்குத் தனியாக. ராத்திரி மருந்து கொடுக்கும்போது விளக்கைப் போட்டு, லேபிளைப் படித்துவிட்டுக் கொடுங்கள். சோபாவில் உட்கார்ந்தபடி குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு அசந்துவிடாதீர்கள். மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. குழந்தை பகலில் தூங்கும்போது துணி மடிக்காமல் நீங்களும் படுங்கள். துணி எங்கேயும் போய்விடாது. வீட்டுக்காரரும் மாமியாரும் முறை வைத்து எழுந்திருக்கட்டும். ஆனால் மறுநாள் யார் வண்டி ஓட்ட வேண்டுமோ அவருக்கு அன்று விடுமுறை கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. தூங்கி வழியும் டிரைவரையோ, தப்பாக மாத்திரை எடுக்கும் பெரியவரையோ கண்டால், "நாம் எப்படிச் சொல்வது" என்று மூன்று தரம் முணுமுணுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சாவியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். காலையில் காபியோடு சமாதானம் செய்துகொள்ளலாம்.